பொறியியற் கல்லூரி அனுபவங்கள் – 14: பதிவுத் தாளில் ஒரு கையெழுத்து

ஒவ்வொரு செமஸ்டரும் தொடங்குகிற வாரத்தில், இயந்திரவியல் துறையின் தாழ்வாரத்தில் பாடங்களைக் குறித்த பதிவுத் தாளும் கையுமாக வரிசையில் நிற்கும் மாணவர்கள், ஒருவர் பின் ஒருவராக என் மேஜைக்கு வந்து, தாளை நீட்டிக் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு போவதற்கு ஆளுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை. அந்த அரை நிமிஷத்தில் அவர்களுடைய நான்கு வருஷப் படிப்பின் போக்கை நிர்ணயிக்கும் ஒரு காரியம் நடக்கிறது என்ற உணர்வு, நான் ஆசிரியனாகச் சேர்ந்து ஆறேழு ஆண்டுகள் கழியும் வரையில் எனக்கு உண்டாகவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாணவர்கள் தங்கள் பாடங்களைத் திட்டமிட்டுக்கொள்வதற்கும், படிப்பைப் பற்றிப் பொதுவாக யோசனை கேட்பதற்கும் ஒருவர் வேண்டும் என்று கருதி, துறைத் தலைவர் குறிப்பிட்ட தொகையினரை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறைகள் கூறுகின்றன. அந்த ஆசிரியருக்குத்தான் ‘ஃபாகல்டி அட்வைசர்’ என்று பெயர். விதி உயர்ந்த நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். அனுஷ்டானத்திலோ, வருகை 75 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கிய பையனின் தகப்பனாருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வது, மருத்துவச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் சேர்ப்பது போன்ற காரியங்களே அந்தப் பதவியின் முழு அர்த்தமாகிவிட்டன. பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளியை 1794-ல் சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் எட்டே மாணாக்கர்களைக் கொண்டு தொடங்கியபோது, யோசனை சொல்வதற்கென்று தனியே ஒருவர் தேவைப்பட்டிருக்க மாட்டார். ஒரு வகுப்பில் 60 பேர் உட்காரும் இந்நாளில், யார் எந்தப் பாடத்தில் எதனால் தடுக்கி விழுந்தார்கள் என்று கவனிப்பதற்கு ஒருவர் இல்லாவிட்டால், விழுந்தவன் தன் தோல்விக்குத் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறான். பெரும்பாலும் அது ‘எனக்கு மூளை போதாது’ என்பதாகவே இருக்கும். அதை நம்பியும் விடுகிறான்.

என் கண்ணைத் திறந்தவன் ஐந்தாம் செமஸ்டரின் ‘டிசைன்’ தாளில் இரண்டு முறை அரியர் வைத்திருந்த ஒரு மாணவன். மூன்றாம் முறை எழுதுவதற்குப் பதிவு செய்ய வந்தவனை, வரிசை கலைந்த பிறகு உட்காரச் சொல்லி, ஒரு கணக்கைக் கொடுத்தேன். இரண்டு பேரிங்குகளில் தாங்கி நிற்கும் ஒரு ஷாஃப்ட். அதன் நடுவில் 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கப்பி. அதிலிருந்து நேர் கீழே இறங்குகிற பெல்ட்டின் இறுகிய பக்கத்தில் 2500 நியூட்டன், தளர்ந்த பக்கத்தில் 1000 நியூட்டன் இழுவிசை. ஷாஃப்ட்டின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

அவன் டிசைன் சூத்திரங்களும் அட்டவணைகளும் அடங்கிய பி.எஸ்.ஜி. டேட்டா புக்கை எடுத்துச் சரியான பக்கத்தைத் தேடாமலே திறந்தான். வளைவும் முறுக்கமும் சேர்ந்து வரும்போது பயன்படுத்த வேண்டிய சூத்திரத்தை எழுதினான். அதிர்ச்சிக்கான குணகங்களையும் பிசகில்லாமல் எடுத்தான். இரண்டு இழுவிசைகளுக்கும் உள்ள வித்தியாசமான 1500-ஐ ஆரத்தால் பெருக்கி, முறுக்குத் திறன் 450 நியூட்டன் மீட்டர் என்று கண்டதும் சரியே. ஆனால் ஷாஃப்ட்டை வளைக்கும் பாரம் எவ்வளவு என்ற இடத்துக்கு வந்தபோது, அங்கேயும் அதே 1500-ஐத் தயங்காமல் எழுதினான்.

“தம்பி, உங்கள் ஊர்க் கிணற்றில் ராட்டினம் இருக்கிறதா?”

“இருக்குங்க சார்.”

“ஒரு பக்கம் வாளி, மறு பக்கம் உன் கை. ராட்டினம் தொங்குகிற கட்டைக்கு எவ்வளவு பாரம்?”

அவன் பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தான். “ரெண்டும் சேர்ந்துதான் சார். நானும் கீழேதானே இழுக்கிறேன்” என்றான். பிறகு அவனாகவே 1500-ஐ அடித்துவிட்டு 3500 என்று எழுதினான்.

இந்தப் பிழைக்கு டேட்டா புக் என்ன செய்யும்? பிழை பிறந்தது ஐந்தாம் செமஸ்டரில் அன்று. இரண்டாம் செமஸ்டரின் ‘இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்’ பாடத்தில், ஒரு பொருளைச் சுற்றுப்புறத்திலிருந்து தனியே பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளையெல்லாம் அம்புக்குறிகளாகப் போட்டுக் காட்டும் படத்தைக் கைப்பழக்கமாக ஆக்கிக்கொள்ளாமல், மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்து கரையேறிய இடத்தில் பிறந்தது. மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேரே ‘பாஸ்’ என்று இருந்தபடியால், அவனோ நானோ அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. டிசைன் புத்தகத்தை ஒரு மாத காலம் தொடாதே. மெக்கானிக்ஸில் விடை காணாமல் படம் மட்டும் போடு. அதன் பிறகு, பொருட்களின் வலிமையைச் சொல்லும் நான்காம் செமஸ்டர்ப் பாடத்தில் வளைவுத் திருப்புத்திறன் வரைபடங்களைப் போட்டுப் பழகு. டேட்டா புக் கடைசியில் வரட்டும் என்று சொல்லியனுப்பினேன். அந்தத் தடவை தேறினான்.

அது முதற்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பதிவுத் தாளின் பின்புறத்தில் பாடங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி எழுதிக் காட்டச் சொல்வதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். 2017-ஆம் வருஷத்து விதிமுறைப்படி படித்தவர்களுக்கு ஆறாம் செமஸ்டரில் பல்சக்கர வகையறாக்களின் டிசைன் வரும். அது ஐந்தாம் செமஸ்டரின் இயந்திர உறுப்புகள் டிசைனை நம்பியிருக்கிறது. அது நான்காவதையும், நான்காவது இரண்டாவதையும் நம்பியிருக்கின்றன. அதே போல் ஆறாம் செமஸ்டரின் ‘ஹீட் டிரான்ஸ்பர்’, மூன்றாம் செமஸ்டரின் தெர்மோடைனமிக்ஸ், பாய்ம இயக்கவியல், கணிதம் ஆகிய மூன்றின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. பாடத்திட்டப் புத்தகத்தில் பாடங்கள் செமஸ்டர்வாரியாக அச்சிடப்பட்டிருப்பதால், ஒரே செமஸ்டரில் வருகிறவை உறவினர் போலவும், மூன்று செமஸ்டர் தள்ளி வருகிறவை அந்நியர் போலவும் மாணவனுக்குத் தோன்றுகின்றன. உண்மையான உறவு நெடுக்குவாட்டில் ஓடுகிறது.

எலெக்டிவ் பாடங்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹார்வர்டில் 1869 முதல் 40 ஆண்டுகள் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தாங்களே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையைப் பரவச் செய்தார். தேர்வு என்று ஒன்று வந்தால் யோசனை சொல்பவரும் வந்துதான் ஆக வேண்டும். நம்மிடத்திலும் 2021-ஆம் வருஷத்து விதிமுறைகள் எலெக்டிவ்களைத் துறைவாரியாக அணி பிரித்து, 18 கிரெடிட் அதிகம் படிப்பவர்களுக்கு ஆனர்ஸ் அல்லது மைனர் என்ற சிறப்பையும் அளிக்கின்றன. ஆனால் பல கல்லூரிகளில் நடப்பது வேறு. வகுப்பில் கை தூக்கச் சொல்லி, அதிகம் பேர் கேட்ட ஒரே பாடத்தை எல்லோர் தலையிலும் கட்டிவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் அப்படியே நடந்தது. பம்பு உற்பத்தியில் சேர வேண்டும் என்ற ஆசையோடு, பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் பாடத்தைக் கேட்டவள் அந்த வகுப்பில் ஒரே ஒரு பெண். மற்ற எல்லோரும் மார்க் வாங்க எளிது என்று பெயர் பெற்ற ஒரு நிர்வாகப் பாடத்துக்குக் கை தூக்கினார்கள். நானும் அந்தப் பாடத்தையே அவள் தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழித் திட்டத்தில் இப்போது பாடம் கேட்டுத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைக் கிரெடிட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மை. நூலகத்தில் புத்தகம் இருந்தது, வாரத்தில் ஒரு மணி நேரம் என்னிடமும் இருந்தது என்பதும் உண்மை. அவளிடம் அதை நான் சொல்லவில்லை.

எல்லாரையும்விட அதிகமாக யோசனை தேவைப்படுகிறவர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேரே மூன்றாம் செமஸ்டருக்கு வருகிறவர்கள். லேத்தில் இவர்கள் கை வைத்தால் மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆனால் முதல் வருஷத்தின் இரண்டு கணிதத் தாள்களையும் படிக்காமல், வந்த செமஸ்டரிலேயே ‘எம்-3’ எனப்படும் மூன்றாவது கணிதத்தில் ஃபூரியே தொடரைச் சந்திக்கிறார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன், டிப்ளமா முடித்து ஓராண்டு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்த பையன், ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் என்னிடம் சொன்னான்: “சார், எம்-3 நமக்கு வராதுங்க. எல்லாத்தையும் முடிச்சிட்டு அதைக் கடைசியில பாத்துக்கிறேன்.”

இந்த யோசனையைச் சீனியர்கள் வழிவழியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைவிடக் கெடுதலான யோசனை வேறொன்று இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அவனிடம் எம்-3 புத்தகங்களிலெல்லாம் வரும் ஒரு கணக்கைக் காட்டினேன். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனை 20 டிகிரியிலும் மறு முனை 80 டிகிரியிலும் நெடுநேரம் வைக்கப்பட்டிருக்கின்றன. திடீரென்று இரு முனைகளையும் 0 டிகிரிக்குக் கொண்டுவந்தால், பிறகு கம்பிக்குள் வெப்பம் எப்படி மாறும்?

“முதலில், குறைந்த முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் எவ்வளவு இருந்திருக்கும்?”

“சென்டிமீட்டருக்கு ரெண்டு டிகிரி ஏறுது. 40.”

“முனைகளைக் குளிர்வித்த பிறகு?”

“பட்டறையில தடிமனான பாரை எண்ணெயில முக்கினா, வெளியே கறுத்துரும் சார். வெட்டிப் பார்த்தா உள்ளே இன்னும் செவப்பா இருக்கும். இதிலும் முனையெல்லாம் சட்டுனு ஆறிடும், நடுவுல சூடு தங்கும்.”

அவன் வாயால் சொன்னதைத்தான் அந்தச் சமன்பாடு எழுத்தால் சொல்கிறது என்றேன். ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர், சூடு ஒரு திடப் பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்து 1807-ல் பாரிஸ் விஞ்ஞானிகள் முன் வைத்தபோது, லக்ராஞ்சு போன்ற மேதையே அந்தத் தொடரை ஒப்புக்கொள்ள மறுத்ததையும், 1822-ல் அது வெப்பத்தைப் பற்றிய பெரிய நூலாக வெளிவந்ததையும் சொன்னேன். அவனுக்கு வராமல் போனது ஃபூரியே தொடரே அன்று. தொடரின் குணகங்களைக் காண்பதற்கு வேண்டிய பகுதித் தொகையீடு ஒன்றுதான் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. அந்த செமஸ்டருக்கு அதிகப்படியான பாடம் எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்தோம். இரண்டு வாரம் தொகையீடு, ஒரு மாதம் ஃபூரியே தொடர், பிறகு வெப்பச் சமன்பாடு, இஸட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்று தாளின் பின்புறத்தில் எழுதி, சனிக்கிழமைகளில் வந்து போட்டுக் காட்டும்படி சொன்னேன். நவம்பர்த் தேர்வில் 58 மதிப்பெண் வாங்கினான்.

ஆறாம் செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில், கையெழுத்துக்கு நிற்கும் வரிசையில் அவனும் இருந்தான். பதிவுத் தாளுக்கு அடியில் ஹீட் டிரான்ஸ்பர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வந்து, முதல் அத்தியாயத்தில் வெப்பக் கடத்தலின் விதிக்கு மேலே அச்சாகியிருந்த பெயரின் மீது விரலை வைத்தான்.

“சார், இவரு அந்த எம்-3 ஃபூரியேதானா?”

“அவரேதான், தம்பி” என்றேன். அவன் தாளைத் திருப்பி, பின்புறத்தை என் பக்கம் நீட்டினான்.

(தொடரும்)