மௌனமான கணினிக்கு வேலி

ஒரு வங்கிக் கணக்கில் 50,000 ரூபா இருக்கின்றது. வெள்ளவத்தைக் காலி வீதிப் பணப்பொறியில் தந்தை 40,000 ரூபா எடுக்கின்றார். அதே கணத்தில் கொட்டாஞ்சேனையில் மகனும் 40,000 கேட்கின்றான். கணக்கேடு ஒருவர் கையில் இருப்பின் இரண்டாமவருக்கு மறுப்புக் கிடைக்கும். ஒன்றையொன்று அறியாத இரு கணினிகள் அவ்வேட்டில் எழுதத் தொடங்கினாலோ, இருவரும் பணத்தோடு வீடு திரும்புவர், ஏடு பொய்யாகிவிடும்.

ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியை ஏற்பதற்காகவே கணினிகளைக் கூட்டமாக இணைக்கின்றனர். நாடித்துடிப்புப் போலச் சிறு செய்திகளை அவை இடையறாது பரிமாறிக்கொள்ளும். துடிப்பு நின்றால், எதிர்க்கணினி மாண்டதா, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்ததா என்பதை எஞ்சிய கணினி அறியமாட்டாது. ஆதலின், பணியை ஏற்குமுன் மௌனமானதன் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இதுவே வேலியிடுதல். மற்றதன் தலையிலே சுடுவது என்று பொருள்படும் முரட்டுப் பெயரொன்றையும் வல்லுநர் இதற்குச் சூட்டியுள்ளனர்.

இன்றைய கணினிகளுட் பல மெய்நிகர்க் கணினிகள். ஒரு பெட்டிக்குள் மென்பொருளாற் குடியிருப்பவை. அவற்றுக்குத் தனி மின்கம்பி ஏது? தொடர்மாடியில் ஒரு வீட்டின் மின்சாரத்தை நிறுத்தக் காவலாளியை நாடுவது போல, தாங்கிநிற்கும் பெட்டியிடமே கேட்க வேண்டும். லினக்ஸ் உலகில் அக்காவலாளி ஃபென்ஸ்-விர்ட் என்னும் நிரல். இரகசியத் திறவுகோலால் முத்திரையிட்ட கட்டளையை மட்டும் ஏற்குமாறு அதனை அமைக்கலாம்.

இடர் இங்கேதான் உண்டு. அத்திறவுகோல் குடியிருக்கும் கணினிகள் அனைத்திடமும் இருப்பின், அவற்றுள் ஒன்றிற் புகுந்த கள்வன் அயல்வீடுகள் அனைத்தையும் இருளாக்கலாம். எனவே, கேட்பது எவ்வீடு என்பதைப் பெட்டியே அறியுமாறு தனித்தனி வாயில் அமைத்து, தன் கூட்டத்தினை மட்டுமே நிறுத்தும் உரிமையை ஒவ்வொன்றுக்கும் வழங்குதல் நன்று.

காவலும் காக்கப்படுவதும் ஒரே வாயிலில் இருந்தால் என்னாகும் என்பதைக் கொழும்பு கண்டிருக்கின்றது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக்கணினியைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் பாழாயின. இணைப்புக்கு வெளியே பிரதி இல்லாமையால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அது வேறு நோய்தான். ஆயினும் குறை ஒரே இனத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தாங்கும் பெட்டியே அணைந்துவிட்டால் காவலாளியிடமிருந்து விடை வராது. விடையின்மையை வெற்றியெனக் கொள்ளலாகாது. "நிறுத்தினேன்" என்ற சொல் வரும்வரை, அல்லது பொறியியலாளர் நேரிற் பார்த்து உறுதிசெய்யும்வரை, கூட்டம் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பைத் தொல்லையெனக் கருதி, சோதனைக் காலத்தில் வேலியை நிறுத்திவைத்துப் பின்னர் இயக்க மறந்துவிடுவோரும் உளர்.