நிரலேற்றியைத் தேர்ந்தெடுத்தல்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இக்கொடிக்கு நீரை அளவறிந்து பாய்ச்ச வேண்டும். பழம் முதிரும் பருவத்தில் மண்ணின் ஈரம் திடீரென மிகுந்தால் பழத்தோல் வெடிக்கக்கூடும். ஆகவே, மண்ணின் ஈரத்தை உணர்ந்து சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடும் சிறு கருவியைத் தாமே செய்ய விழைவோர்க்கு இப்பள்ளத்தாக்கு நல்ல களமாகும்.

அக்கருவியை ஆள்வது நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு. 2010இல் வெளிவந்த ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள அட்மெகா 328பி அவ்வகையைச் சார்ந்தது. 32 கிலோபைட் நிரல் நினைவகம் உடையது. பயிற்சிக்கு அப்பலகையே போதும். நிரலைப் பெற்றுக்கொள்ளும் தொடக்கநிரல் அதில் முன்பே பதிந்திருப்பதால், யுஎஸ்பி கம்பி ஒன்றே போதுமானது. தோட்டத்தில் நிலையாகப் பொருத்தும்போது செலவைக் குறைக்கச் சில்லைத் தனியே வாங்குவர். வெறுமையான அச்சில்லில் கட்டளைகளை எழுதத் தனிக்கருவி வேண்டும். அதுவே நிரலேற்றி. கடைவீதியில் புரோகிராமர் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

நிரலேற்றி எழுதி முடித்ததும் சில்லிலிருந்து நிரலைத் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட இடந்தர வேண்டும். ஏவிஆர் சில்லுகளுக்குரிய ஏவிஆர்டூட் என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வொப்பீட்டை இயல்பாகவே செய்கிறது. நேரம் மிச்சமாகும் என்று அதனை நிறுத்திவைப்பது அறியாமை. பிழையோடு பதிந்த நிரல் மேசைமேல் ஒழுங்காக இயங்குவதுபோல் தோன்றி, வால்வை மூடவேண்டிய வேளையில் மூடாது போகலாம்.

தாமஸ் ஃபிஷல் வடிவமைத்த யுஎஸ்பிஏஎஸ்பி, வரைபடம் வெளிப்படையாகத் தரப்பட்ட மலிவான நிரலேற்றி. எவரும் செய்யலாம் என்பதால் அதன் படிகள் பல தரங்களில் விற்பனையாகின்றன. அவற்றில் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஆராய வேண்டும். புதிய அட்மெகா 328பி ஆலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குமாறு வருகிறது. நிரலேற்றியின் துடிப்பு அதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருத்தல் வேண்டும். மிகுந்தால் சில்லு மறுமொழி தராது. பழுதென்று எறியப்படும் சில்லுகளுள் நல்லவையும் இருப்பதற்கு இது ஒரு காரணம். வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள நிரலேற்றியே கொள்ளத்தக்கது. அவ்வாறே, சில மலிவுப் படிகளில் 3.3 வோல்ட் என்று மாற்றினாலும் சமிக்ஞைக் கம்பிகளில் 5 வோல்ட்டே நிற்கும். 3.3 வோல்ட்டுக்குரிய உணரி அதே கம்பிகளில் இணைந்திருந்தால் பழுதாகலாம். வாங்கியவுடன் மல்டிமீட்டரால் அளந்தறிதல் நன்று.

சில்லின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் ஃபியூஸ் பிட்டுகளை எழுதும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வெளிப்படிகத்தை எதிர்நோக்குமாறு தவறாக அமைத்துவிட்டால், படிகம் ஒன்றை இணைத்துச் சில்லை மீட்கலாம். மீட்டமைப்பு முனையையே முடக்கிவிட்டால் இவ்வெளிய நிரலேற்றி பயன்படாது. அம்முனையில் 12 வோல்ட் செலுத்தும் உயர்மின்னழுத்த நிரலேற்றி தேவைப்படும். விலைமிகுந்த அக்கருவியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை; பள்ளி ஆய்வகத்தில் ஒன்று இருந்தால் போதும்.

தோட்டத்தில் கருவி நின்றுபோனால் அங்கேயே நிரலேற்ற முற்படுவதைவிட, ஒப்பிட்டுச் சரிபார்த்த மாற்றுச் சில்லு ஒன்றை, நிரலின் பெயரும் பதிந்த நாளும் எழுதி, மோட்டார் அறையில் வைத்திருப்பது எளிது.