பட்டனை அழுத்துவதற்கு முன்

"மூச்சை நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க… சரி, விடுங்க." எக்ஸ்ரே அறையில் நாம் கேட்கும் இந்தக் கட்டளைகளில் காரணமில்லாதது ஒன்றுமில்லை. மூச்சை நிறைய இழுத்தால் உதரவிதானம் கீழிறங்கும். நுரையீரலின் அடிப்பகுதியும் படத்தில் விழும். அசையாமல் பிடித்தால் படம் கலங்காது. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொல்வதும் அப்படித்தான். கதிர் முதுகு வழியாக நுழைகிறது. மார்பின் முன்பக்கம் இருக்கும் இதயம் பலகைக்கு அருகில் இருப்பதால் அதன் நிழல் பெரிதாவதில்லை. எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே முன்பக்கமாக எடுக்கும் படத்தில், அதே இதயம் வீங்கியதுபோலத் தெரியும்.

இத்தனையையும் ஓரிரு நிமிடங்களில், வலியோடு வந்தவரைக் கடிந்துகொள்ளாமல் செய்து முடிப்பவர்தான் ரேடியோகிராபர். படத்தைப் பார்த்து அறிக்கை தருபவர் மருத்துவர். ஆனால் படம் சரியில்லை என்றால் அவர் கண்ணுக்கும் நோய் தப்பிவிடும். "பட்டன் அமுக்குற வேலைதானே" என்று ஒதுக்குகிறவர்கள் இதை அறியவேண்டும்.

இயற்பியலாளர் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8 அன்று. தொடக்க காலத்தில் அதன் ஆபத்தைப் பலரும் உணரவில்லை. எடிசனின் ஆய்வகத்தில் எக்ஸ்ரே குழாய்களோடு வேலை செய்த கிளாரன்ஸ் டாலி, கைகளில் புற்றுநோய் வந்து 1904இல் இறந்தார். இன்று நிலைமை வேறு. ஈயத் தடுப்பு, தூரம், குறைந்த நேரம் ஆகிய மூன்றும் காக்கின்றன. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அடர்த்தி நான்கில் ஒன்றாகிவிடும். சட்டையில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜ் உடலில் பட்ட கதிரைக் கணக்கு வைக்கிறது. ஊழியருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். முறையாக வேலை நடக்கும் இடத்தில் இந்த அளவை நெருங்குவது அரிது.

என் பார்வையில் இந்தத் தொழிலின் உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. ஃபிலிம் இருந்த காலத்தில் கதிர் கூடினால் படம் கருத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கணினி அதைச் சரிசெய்துவிடுகிறது. சொல்லப்போனால், கதிர் கூடக்கூடப் படம் இன்னும் தெளிவாகவே தெரியும். நோயாளிக்குத் தேவைக்கு மேல் கதிர் பட்டது வெளியே தெரியாது. ஒரு மார்பு எக்ஸ்ரே ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், ஒரு மார்பு சி.டி. அதைப்போலப் பல பத்து மடங்கு. குழந்தைக்கு எவ்வளவு, பெரியவருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது அந்த அறையில் நிற்பவரின் அறிவும் மனச்சாட்சியும்தான்.

எம்.ஆர்.ஐ. அறையில் எக்ஸ்ரே கதிரே இல்லை, ஆபத்து காந்தத்தில். பரிசோதனை நடக்காதபோதும் அது ஓய்வதில்லை. இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஒருவர் 2018இல் மும்பையில் இறந்தார். வாசலில் நின்று தடுப்பதும் டெக்னீஷியனின் கடமை.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு இந்தத் துறையில் டிப்ளமோவும் பி.எஸ்சி. பட்டமும் இருக்கின்றன. இவர்கள் உட்படத் துணை மருத்துவத் துறையினரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021இல் சட்டமே வந்துவிட்டது. சேரும் முன் இரண்டு கேள்விகளைக் கல்லூரியில் கேளுங்கள்: நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனையில் பயிற்சி உண்டா? பயிற்சியின்போது மாணவர் பெயரில் டிஎல்டி பேட்ஜ் தருவார்களா? இரண்டில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும், அங்கே பணம் கட்டாதீர்கள்.