மொபெட்டும் புதிய ஓட்டுநரும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆகும். இதன் ஒரு முனையாகிய ஓசூரில்தான் 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் உற்பத்தியாகி வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் என்னும் பெருமை அதற்கு உண்டு. பால் வியாபாரியும், காய்கறி விற்பவரும், சிற்றூர் விவசாயியும் அதனால் பெற்ற பயன் பெரிது. அதே சாலையின் மறுமுனையில், பெங்களூர் நகருக்குள், நிமான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் அமைந்துள்ளது. விபத்தில் தலையில் அடிபட்டோர் பலர் சிகிச்சைக்காக அங்கே கொண்டுவரப்படுகின்றனர். மொபெட் ஓட்டுவதற்குப் புதிதாக உரிமம் பெற்றவர் இவ்விரண்டு இடங்களையும் ஒருங்கே நினைவில் வைத்தல் நலம்.

பெயரால் விளையும் மயக்கம்

‘மோட்டார்’, ‘பெடல்’ என்னும் இரு சொற்களின் சேர்க்கையால் பிறந்ததே மொபெட் என்னும் பெயர். 1972-இல் நம் நாட்டில் அறிமுகமான லூனா வண்டியில் மிதிகட்டைகளும் இருந்தன. இக்காரணத்தால், மொபெட் என்பது சைக்கிளின் சற்றுப் பெரிய வடிவமே என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. வீட்டிலுள்ள சிறுவனைக் கடைக்கு அனுப்பும்போது பெற்றோர் அவ்வண்டியைக் கொடுத்தனுப்புவதும் இவ்வெண்ணத்தினால்தான்.

சட்டம் இதனை ஏற்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டும், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதத்துடன் உரிமம் பெற்று, பதினாறு வயது நிரம்பியவர் ஓட்டலாம். ஆனால் இன்று விற்பனையாகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டின் கொள்ளளவு 99.7 சி.சி. ஆகும். எனவே, பதினாறு வயதில் பெற்ற உரிமம் அவ்வண்டிக்குச் செல்லாது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கும் செல்லாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இளஞ்சிறார் வண்டியோட்டிக் குற்றம் இழைப்பின் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அச்சிறாருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது.

நிறுத்துவதற்கு வேண்டும் தூரம்

உரிமத் தேர்வில் ஒருவர் வண்டியைச் சாயாமல் செலுத்துகிறாரா என்பது புலப்படும். வேகமாகச் செல்லும்போது தக்க தருணத்தில் நிறுத்துவாரா என்பது அங்கு அவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை. புதியவருக்கு ஏற்படும் அபாயம் பெரும்பாலும் இவ்விடத்திலேயே இருக்கிறது.

தடையைக் கண்ட கணத்திலேயே வண்டி நின்றுவிடுவதில்லை. கண் கண்டதை மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்குச் சுமார் ஒரு விநாடி கழிகிறது. அந்த ஒரு விநாடியில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 11 மீட்டர் முன்னேறிவிடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நன்கு பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு மேலும் 12 மீட்டர் ஆகும். ஆக மொத்தம் 23 மீட்டர். வேகம் 20 ஆயின் 9 மீட்டரே போதும். 60 ஆயின் 45 மீட்டர் வேண்டும். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதே இதற்குக் காரணம். வேகம் இரு மடங்கானால் அத்தூரம் நான்கு மடங்காகும்.

கோடையின் இறுதியில் பெங்களூரில் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து வழுக்கலாக்கிவிடும். டயரின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 23 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 36 மீட்டரில்தான் நிற்கும். மொபெட்டின் முன்புறம் ஏற்றிய மூட்டையும் பின்னிருக்கையில் அமர்ந்தவரும் வண்டியின் நிலைப்பை மேலும் மாற்றிவிடுவர் என்பதை மறத்தலாகாது.

தலைக்கவசம் காக்கும் விதம்

மொபெட்டில் அமர்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு 19 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் தரையில் மோதும். எனவே வண்டி மெல்லச் சென்றாலும், ஏன், நின்றிருந்தாலும்கூட, தலைக்கு அபாயம் உண்டு. கவசத்தின் உட்புறத்திலுள்ள தெர்மோகோல் போன்ற அடுக்கு மோதலின்போது நசுங்குகிறது. தலை 2 மில்லிமீட்டருக்குள் நிற்பதற்குப் பதிலாக 2 சென்டிமீட்டரில் நின்றால், அதன்மீது தாக்கும் சராசரி விசை பத்தில் ஒரு பங்காகக் குறையும். நசுங்கிய அடுக்கு மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆகையால் ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை மீண்டும் உபயோகித்தல் கூடாது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவிகிதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவிகிதமும் குறைக்கிறது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துக்களில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 சதவிகிதத்தினர் இருசக்கர வண்டிகளில் சென்றோரே என்பதை எண்ணினால் இதன் பயன் விளங்கும்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசத்தை அணிந்து, வாரைத் தாடையின்கீழ்ப் பூட்டுக. பின்னிருப்பவருக்கும் இது கட்டாயம். கர்நாடகத்தில் 2016 முதல் இது வலியுறுத்தப்படுகிறது.

2. ஓட்டுநருடன் ஒருவர் மட்டுமே செல்லலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையுடன் செல்லும்போது பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்குரிய கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது.

3. முன், பின் பிரேக்குகளைச் சேர்த்துப் படிப்படியாக அழுத்துக.

4. பஸ், லாரி ஆகியவற்றுக்கும் நடைபாதைக்கும் இடையே நுழையாதீர். அவை இடப்புறம் திரும்புகையில் அதன் ஓட்டுநருக்கு நீங்கள் தென்படமாட்டீர்கள்.

5. பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் பிரதான வழியில் இருசக்கர வண்டிகளுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் அனுமதியில்லை. அருகிலுள்ள இணைச்சாலையில் செல்க.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கது

இவ்விதிகளை வாயால் சொல்வதைக் காட்டிலும் கண்ணால் காட்டுவதே சிறந்தது. பள்ளி மைதானத்தில் ஓரிடத்தைத் தொடக்கமாகக் கொண்டு 9, 23, 36, 45 மீட்டர் தூரங்களில் சுண்ணாம்பினால் கோடிடுக. மாணவர்களை ஒவ்வொரு கோடு வரையிலும் நடக்கச் செய்து, எந்த வேகத்தில் செல்லும் வண்டி எங்கே நிற்கும் என்பதை விளக்குக. பின்னர் 23 மீட்டர் கோட்டருகே ஒரு மாணவனை நிறுத்தி, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அவனைக் கடந்தே நிற்கும் என்று கூறுக. கிராமக் கூட்டங்களில் பெற்றோர் முன்னிலையிலும் இதனைச் செய்து காட்டலாம். வண்டியின் சாவியைச் சிறுவன் கையில் கொடுக்குமுன் அவர்கள் ஒருமுறை யோசிப்பார்களாயின், அந்தக் கோடுகள் தம் பயனைத் தந்துவிட்டன எனலாம்.