அலைவரிசையும் பேச்சுக்குழுவும்

வானொலி அலைவரிசைகள் சில. அவற்றை நாடுவோர் பலர். ஆதலால் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் காவலர், தீயணைப்போர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றனர். இம்முறைக்கு ‘டிரங்கிங்’ என்று பெயர்.

ஒவ்வொரு பேச்சுக்குழுவிற்கும் ஓர் எண் உண்டு. ஒருவர் பேசுதற்குப் பொத்தானை அழுத்தியதும், கணிப்பொறி ஒழிவாக உள்ள அலைவரிசையை அவர் குழுவிற்கு ஒதுக்குகிறது. கட்டுப்பாட்டு அலைவரிசை அதனை அறிவிக்க, அக்குழுவின் கருவிகள் யாவும் அங்கே மாறுகின்றன.

இதனைப் பள்ளியோடு ஒப்பிடலாம். அலைவரிசை அறை போன்றது. பேச்சுக்குழு வகுப்புப் போன்றது. கட்டுப்பாட்டு அலைவரிசை அறிவிப்புப் பலகை போன்றது. வகுப்புகள் அறை மாறிக்கொண்டே இருக்கும்.

ஸ்கேனர் என்னும் கேட்புக் கருவியில் அலைவரிசைகளை மட்டும் பதித்தால், தீயிடை நிற்கும் வீரரின் வேண்டுகோளை அடுத்துக் குப்பை வண்டியின் செய்தி கேட்கும். அவ்வீரருக்குக் கிடைத்த விடை வேறோர் அலைவரிசையில் சென்றிருக்கும். கட்டுப்பாட்டு அலைவரிசையைப் பின்பற்றச் செய்து, குழு எண்ணையும் பதித்தவரே வினாவையும் விடையையும் ஒருங்கே கேட்பர்.