அடிவாரம் – 23: சிவகாசி வழியாக வந்த வின்செஸ்டர்

சென்ற வாரம் பரணோடு நிறுத்தினேன். மிளா எப்போது தண்ணீருக்கு இறங்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் பரணில் ஏறுவதே வீண் என்பதெல்லாம் சொல்லியாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ராஜபாளையம் நாய் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக்கும் இதழ் அச்சேறும் நாளுக்கும் நடுவே ஒரு துப்பாக்கி புகுந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் ஒருவர் கிளப்பிவிட்டது இது. "பரணில் உட்கார்ந்தவர் கையில் என்ன துப்பாக்கி அண்ணாச்சி? டெக்ஸ் வில்லர் வைத்திருப்பாரே, அந்த வின்செஸ்டரா?" என்று கேட்டிருந்தார். கிண்டல்தான். ஆனால் கேள்வியை ஒதுக்கிவிட்டு நாயை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

சுருக்கமான பதில்: இல்லை. செண்பகத்தோப்பிலிருந்து அய்யனார் கோயில் ஆறு வரைக்கும் இந்த அடிவாரத்தில் வெடித்தது பெரும்பாலும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற கேப்புத் துப்பாக்கி. வசதியான வீடுகளில் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், அதற்கு எல்.ஜி. தோட்டா. புள்ளிமானுக்கும் கேழையாட்டுக்கும் அது தாராளம்.

நீண்ட பதில் வின்செஸ்டரைப் பற்றியது. அதை எழுதாமல் நாய்க்குப் போக முடியாது.

விருதுநகர் மாவட்டத்தில் லீவர் ரைஃபிளுக்கு உண்மையான விலாசம் ஒன்று உண்டு என்றால் அது சிவகாசி. 1972ல் முத்து காமிக்ஸ், 1984ல் லயன் காமிக்ஸ் என்று அந்த ஊர் அச்சகங்கள் படக்கதைகளை அடித்துத் தள்ளின. இத்தாலியில் 1948ல் பிறந்த டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேச ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பள்ளிக்கூடப் பையன்களுக்கு வின்செஸ்டர் என்ற சொல் அப்படித்தான் அறிமுகம். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராத பையன் அதை இயக்கும் விதத்தை மட்டும் துல்லியமாக நடித்துக் காட்டுவான். அதற்கும் முன்னால் திரையில் ஜெய்சங்கர் குதிரை ஏறியாயிற்று. கர்ணன் எடுத்த 'கங்கா'வும் 'ஜக்கம்மா'வும் 1972ல் வந்தவை. முத்து காமிக்ஸும் இந்த இரண்டு படங்களும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது, எழுதிவிட்டேன்.

பையன்கள் நடித்துக் காட்டும் அசைவுதான் சங்கதியே. விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற மாதிரி இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னால் போய் நிற்கும், புதுத் தோட்டா மேலே வரும். வளையத்தை மேலே இழுத்தால் தோட்டா உள்ளே போய்க் கதவு சாத்திக்கொள்ளும். பழகிய கைக்கு ஒரு நொடி. கட்டையைத் தோளிலிருந்து எடுக்க வேண்டாம், குறியிலிருந்து கண்ணை விலக்க வேண்டாம்.

கேப்புத் துப்பாக்கிக்காரன் பாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். கரிமருந்தைக் குழலுக்குள் கொட்டி, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக்குண்டைப் போட்டு, மறுபடியும் நார், மறுபடியும் இடி, கடைசியில் கேப்பு. இரவில், பதற்றத்தில், கை நடுங்க இதைச் செய்து முடிப்பதற்குள் அடிபட்ட பன்றி காட்டைத் தாண்டியிருக்கும். அல்லது ஆளை நோக்கித் திரும்பியிருக்கும். மருந்தில் ஈரம் ஏறியிருந்தால் முதல் வெடியே கிடையாது. அடிவாரத்து வேட்டை பெரும்பாலும் இந்த ஒரு வெடிக் கணக்கில்தான் நடந்தது. இரண்டாவது வெடி இல்லாதவனுக்குப் பன்றியை மடக்கி நிறுத்த நாய் வேண்டும், பக்கத்தில் ஈட்டிக்காரன் வேண்டும். தனியாகக் காட்டுக்குள் உட்கார நினைத்தவனுக்குத்தான் லீவர் ரைஃபிள் தேவைப்பட்டது.

அப்படித் தனியாக உட்கார்ந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910ல் பிறந்து 1974ல் இறந்தவர். பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் வேலை, மனமெல்லாம் தமிழகத்து வடமேற்குக் காடுகளில். ஜவளகிரி, பென்னாகரம், சின்னாறு, நீலகிரி அடிவாரத்துச் சீகூர் என்று அவர் புத்தகங்களில் வரும் ஊர்ப்பெயர்களை வைத்தே ஒரு பேருந்துத் தடம் போடலாம். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் துரத்திய அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாதிரி, 405 போர். லீவர் ரைஃபிள். நம் மலைப்பக்கம் அவர் ரைஃபிள் வெடித்ததாக அவர் கதைகளில் இல்லை. இருந்திருந்தால் இந்தத் தொடர் வேறு பாதையில் போயிருக்கும்.

பரணில் லீவர் ரைஃபிளுக்கு ஒரு சௌகரியம், ஓர் இடைஞ்சல். உட்கார்ந்து சுடுகிறவனுக்கு வளையத்தைத் தள்ளக் கீழே இடம் இருக்கும். குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கு வளையம் தரையில் முட்டும். உலகத்துப் பட்டாளங்கள் பெரும்பாலும் இதை ஒதுக்கிவிட்டு, பக்கவாட்டில் தாழ்ப்பாள் இழுக்கும் ரைஃபிளுக்குப் போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. இடைஞ்சல் சத்தம். நடுச்சாமத்தில் அந்த இரும்புச் சத்தம் காட்டுக்கே கேட்கும். முதல் வெடி வெடித்த பிறகு சத்தத்தைப் பற்றி யாருக்குக் கவலை என்பீர்கள். அதுவும் சரிதான்.

இப்போது இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய வின்செஸ்டர்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பின்புறத்தின் நடுவில்தான் தட்டினால் தீப்பிடிக்கும் கேப்பு இருக்கிறது. மூக்கு மழுங்கலாக இருக்கும்வரை பயமில்லை. கூர்மூக்குத் தோட்டா போட்டால் ரைஃபிள் உதைக்கிற உதையில் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைக் குத்திவிடலாம், துப்பாக்கிக்குள்ளேயே வெடி. டெக்ஸ் வில்லரின் 1873 மாதிரி, பிறகு வந்து 70 லட்சத்துக்கு மேல் விற்ற 1894 மாதிரி எல்லாம் இந்தக் குழாய் வகைதான். 1895 மாதிரியை வரைந்த ஜான் பிரௌனிங் குழாயையே எடுத்துவிட்டார். தோட்டாக்களை விசைக்கு முன்னால் ஒரு பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். கூர்மூக்கும் போகும், கனத்த தோட்டாவும் போகும். ஆண்டர்சனின் 405 தோட்டா 1904ல் வந்தது. அதன் ஈயம் சுமார் 19 கிராம். புள்ளிமானுக்கு அது அநியாயம், புலிக்கு அளவு. அமெரிக்க அதிபர் பதவியை விட்டிறங்கிய ரூஸ்வெல்ட் 1909ல் ஆப்பிரிக்கா போனபோது மூட்டையில் இருந்ததும் இதே 405தான்.

இதையெல்லாம் ஓரளவு முன்பே படித்திருந்தேன். படித்திராதது ரஷ்யக் கதை. 1870ஐ ஒட்டித் துருக்கி சுல்தானின் அரசு வின்செஸ்டர் 1866 மாதிரியில் சுமார் 50,000 வாங்கி வைத்தது. 1877ல் பிளெவ்னா என்ற ஊரில் துருக்கியரை ரஷ்யப் படை முற்றுகையிட்டது. தூரத்தில் வந்தவர்களைத் துருக்கியர் பீபாடி-மார்டினி ரைஃபிளால் அடித்தார்கள். அதற்கும் கீழே ஒரு லீவர், ஆனால் ஒற்றைத் தோட்டா. தப்பிக் கிட்டே வந்தவர்களுக்கு வின்செஸ்டர் காத்திருந்தது. ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். ஊர் விழ டிசம்பர் ஆனது. உலகத்துப் பட்டாளங்கள் எல்லாம் உட்கார்ந்து யோசித்த சண்டை அது.

அடுத்த தலைமுறையில் முதல் உலகப்போர். ஜாரின் படையில் ஆளுக்கொரு ரைஃபிள்கூட இல்லை. அவசரத்துக்கு அமெரிக்காவின் கதவைத் தட்டினார்கள். எந்தக் கம்பெனி? அதே வின்செஸ்டர். 1895 மாதிரியை ரஷ்யத் தோட்டாவுக்குப் பொருந்தும்படி மாற்றிச் சுமார் 3 லட்சம் ரைஃபிள்கள் கப்பலேறின. அந்த மாதிரியில் மொத்தம் செய்ததே நாலேகால் லட்சம்தான். ஆக, புலிக்காகத் தர்மபுரிக் காட்டில் உட்கார்ந்த ரைஃபிளின் உடன்பிறப்புகளில் பெரும்பகுதி ரஷ்யப் பனியில் குழிக்குள் கிடந்தவை. ஆசிரியர் இந்தப் பத்தியை வெட்டச் சொல்வார். வெட்டினால் அடுத்த வாரம் இன்னும் நீளமாக எழுதுவேன்.

சரி, இத்தனை சாமர்த்தியமான துப்பாக்கி நம் பக்கம் ஏன் வேர்பிடிக்கவில்லை? சட்டம் பிறகு வந்தது. முதலில் கைவிட்டது தோட்டாதான். 405 தோட்டா வெளிநாட்டுச் சரக்கு. 1940ஐ ஒட்டி அந்த ரைஃபிள் தயாரிப்பே நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி இறுகியது. நம் அரசுத் தொழிற்சாலைகள் 315 ரைஃபிளையும் அதன் தோட்டாவையும் செய்தன, கட்கியிலிருந்து பன்னிரண்டு போருக்கு 'சக்திமான்' தோட்டா வந்தது. 405க்கும் 1873 மாதிரியின் 44-40க்கும் யார் தோட்டா செய்வார்கள்? கரிமருந்துக்காரனுக்கு இந்தக் கவலையே கிடையாது. ஆயுதச் சட்டம் 1959கூடப் பயிர்க்காவலுக்கென்று மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகப் பெயர் சொல்லி இடம் கொடுத்திருக்கிறது. பழைய துப்பாக்கி புதுத் துப்பாக்கியைத் தோற்கடித்த இடம் நம் அடிவாரம் என்பது என் கட்சி.

உரிமம் உள்ள துப்பாக்கிகளின் இன்றைய வேட்டை என்ன தெரியுமா? தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்துக்குப் போவது, முடிந்ததும் வீட்டுக்கு வருவது. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று தேர்தலுக்குத் தேர்தல் இதுதான். தெரிந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, என் துப்பாக்கி என்னைவிட ஸ்டேஷன்ல அதிக நாள் இருந்துருக்கு. ஏட்டையாவுக்கு அது மேல தனிப் பிரியம்." பெரியவர் கடைசியாக எப்போது சுட்டார் என்று கேட்டேன். காப்பி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தாத்தாவின் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிடப் போகிறீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சில விலங்குகளுக்கு உரிமம் வாங்கி வேட்டையாடும் வழி ஏட்டில் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. நம் மலையில் 1988ல் சாம்பல்நிற அணில் சரணாலயம், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். காப்பகத்தின் உள்வட்டத்தில் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. மிளா என்றாலும் முயல் என்றாலும் ஆளைப் பிடிப்பார்கள்.

பன்றி விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு. தோட்டத்தை உழுதுவிட்டுப் போகும் பன்றிக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். மலையை ஒட்டியே தென்னையும் மாவும் வைத்திருக்கும் நம் சம்சாரிகளுக்கு அந்த மூன்றாவது வட்டத்தால் அதிக லாபமில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன்.

ராஜபாளையம் நாய்க்கு இன்று இடம் போதவில்லை. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள அந்த நாய்க்கு 2005ல் இந்தியத் தபால்துறை அஞ்சல்தலை வெளியிட்டு மரியாதை செய்தது, நானும் ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னால் கோபிக்காது. ஒரு வெடிக்காரன் பன்றிக்கு முன்னால் நாயை எப்படி நிறுத்தினான் என்பது அடுத்த இதழில்.

அதற்குள் ஓர் உதவி. உங்கள் வீட்டில் வேட்டைக்குப் போனவர்களின் பழைய புகைப்படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். துப்பாக்கியின் விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் அளவுக்கு வளையம் தெரிந்தால் ஊரையும் ஏறத்தாழ ஆண்டையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.