தவணைக்குப் படம் எடுக்கலாமா?

'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதிய பலகைக்குக் கீழேயே கடன் நோட்டு தொங்குவது நம் கடைகளில் புதிதல்ல. கடனே கொடுக்காமல் சில்லறை வணிகம் நடத்துவது கடினம். கொடுத்த கடன் திரும்பாவிட்டால் வணிகமே நடத்த முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் தவணை. இதைச் சிறிய போட்டோ ஸ்டூடியோ ஒன்றை வைத்துப் பார்ப்போம். தவணையின் நன்மையும் ஆபத்தும் மற்றக் கடைகளைவிட அங்கே தெளிவாகத் தெரியும்.

மாற்றி விற்க முடியாத சரக்கு

ஒருவர் சொல்லி வைத்த அரிசி மூட்டையை எடுக்க வராவிட்டால் அடுத்தவருக்கு விற்கலாம். தையல் இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் இயந்திரத்தைத் திரும்ப எடுக்கலாம். 1850-களிலேயே சிங்கர் நிறுவனம் தவணை விற்பனையில் துணிந்து இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கல்யாண ஆல்பம் அப்படியல்ல. ஒரு வீட்டு மணமக்களின் முகம் பதித்த ஆல்பத்தை வேறு யார் வாங்குவார்? வாங்க ஆள் வராத ஆல்பம் அலமாரியில் தூங்கும். அதற்கான அச்சுக் கூலி மட்டும் நம் கையிலிருந்து போயிருக்கும்.

பிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரருக்கு ஒரு பிடி இருந்தது. 36 படச் சுருளின் நெகட்டிவ் அவரிடமே இருக்கும். பிரதி வேண்டுமென்றால் வாடிக்கையாளர் அவரிடம்தான் வரவேண்டும். இன்று அந்த நெகட்டிவின் இடத்தில் இருப்பது பென் டிரைவ். பணம் முடியுமுன் அது கைமாறினால் பிடியும் சேர்ந்தே கைமாறிவிடுகிறது.

தவணை ஏன் வேண்டும்?

கல்யாண வீட்டில் மண்டபம், நகை, பட்டு, சமையல் எல்லாம் ஒரே நேரத்தில் பணம் கேட்கும். பட்டியலில் கடைசியாக நிற்பது போட்டோ. அதனால் பேரமும் கடுமையாக இருக்கும். 'மொத்தம் 60,000 ரூபாய்' என்றால் தயங்குபவர், 'இப்போது 10,000 போதும்' என்றால் உட்கார்ந்து பேசுவார். விலையைக் குறைக்காமல் வேலையைப் பிடிக்க இது உதவும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பெரும்பாலும் முகூர்த்தம் இல்லை. கடை வாடகையும் உதவியாளர் சம்பளமும் அந்த மாதங்களிலும் உண்டு. ஐப்பசிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே பதிவு செய்து மாதந்தோறும் வசூலித்தால், வேலை இல்லாத மாதத்திலும் கல்லாவில் பணம் விழும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக 60,000 ரூபாய் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்யாணத்தன்று உதவியாளர் கூலி, விளக்கு வாடகை, பயணம் என்று கைச்செலவு 18,000. ஆல்பம் அச்சுக்கு 12,000. ஆக நாம் கையிலிருந்து போடுவது 30,000. தவணையை இப்படிப் பிரிக்கலாம்:

பதிவு அன்று - 10,000
அடுத்த மூன்று மாதம், மாதம் 5,000 வீதம் - 15,000
கல்யாணத்துக்கு முதல் நாள் - 10,000
கல்யாணம் முடிந்த ஒரு வாரத்தில், ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் - 15,000
ஆல்பம் கொடுக்கும்போது - 10,000

கல்யாணத்துக்கு முன்பே 35,000 கைக்கு வந்துவிடுகிறது. மொத்தக் கைச்செலவுக்கும் அது போதும். பாக்கி நின்றாலும் போவது நம் உழைப்பின் கூலியும் லாபமுமே தவிர முதல் அல்ல. அந்தப் பாக்கியை விட்டுவிட வேண்டும் என்பதல்ல, அது நம்மைக் கவிழ்க்காது என்பதுதான் முக்கியம். எந்தக் கட்டத்திலும் வந்த பணம் போட்ட பணத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். தவணையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

நான்காவது தவணையைக் கல்யாணம் முடிந்த வாரத்தில் வைத்ததற்குக் காரணம் மொய். அந்த வாரத்தில் பல வீடுகளில் பணம் இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அது வேறு கடனுக்குப் போயிருக்கும். மாதத் தவணையும் அவ்வாறே. சம்பளக்காரருக்கு மாத முதல் வாரம், விவசாயிக்கு அறுவடைக் காலம், தறி வேலை செய்பவருக்குக் கூலி நாள் என்று அவரவர் கையில் பணம் புழங்கும் நாளைக் கேட்டுத் தேதி குறிக்க வேண்டும்.

எழுத்தில் இருக்கட்டும்

வட்டி என்ற சொல்லே வேண்டாம். தவணை விலையைச் சொல்லிவிட்டு, முழுத் தொகையும் முதலில் தருபவருக்குச் சிறு தள்ளுபடி கொடுங்கள். வாடிக்கையாளருக்கும் அதுவே மனத்துக்கு ஒத்துவரும்.

ஆர்டர் தாளில் தவணைத் தேதி, தொகை, 'முழுத் தொகை செலுத்திய பின்பே ஆல்பமும் பென் டிரைவும் தரப்படும்' என்ற வாசகம், இருவர் கையெழுத்து ஆகியவை இருக்கட்டும். கல்யாணத் தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும் என்பதையும் எழுதுங்கள். வீட்டில் துக்கம் நேர்ந்து தள்ளிப்போனால் புதிய தேதிக்கு மாற்றிக் கொடுப்பதே முறை. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுங்கள். செல்போனில் அனுப்பிய பணத்துக்கும் ரசீது உண்டு.

சட்டத்தையும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய பாக்கிக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள்தான். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடும். பின்தேதியிட்ட காசோலை வாங்கினால், அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் செய்யலாம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு, பணம் வந்தபோதே வரி கணக்காகும். வேலை முடியட்டும் என்று காத்திருந்தால் கணக்கு இடிக்கும்.

மளிகைக்கும் பொருந்தும்

கல்யாணச் சமையலுக்கு மொத்தமாக மளிகை கொடுக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இதே கணக்குதான். சமைத்துச் சாப்பிட்டுவிட்ட பருப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கொள்முதல் விலை அளவுக்காவது சரக்கு கடையைவிட்டு இறங்குமுன் வாங்கிவிட வேண்டும். மீதி லாபத்தை மொய் எண்ணும் வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்த கடனைக் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். தேதி போட்டுக் கையெழுத்தான தவணையைக் கேட்கக் கூச்சம் தேவையில்லை. கொடுப்பவருக்கும் மனத்தாங்கல் வராது. மூத்த மகளின் கல்யாணத்துக்கு வந்தவர் இளைய மகளின் கல்யாணத்துக்கும் நம் கடைப் படியேற வேண்டுமானால், கணக்கு முதல் நாளே பேசி முடிந்திருக்க வேண்டும்.